தேயிலைத் தோட்டத்தின் ஆங்கிலக் கவிஞர்



பொழுது புலருமுன் பெரட்டுக்கு அடிக்கும் மணியோசையில் கண் விழித்த அனுபவம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, தூங்குகிற குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக் களத்தில் வரிசை பிடித்து நின்ற தாய்மார்கள் இன்றும் நம் வீடுகளில் பாட்டிகளாக இருக்கிறார்கள். அந்த வைகறையை யாராவது கவிதையாக எழுதியிருக்கிறார்களா? கவிதை என்றால் நிலவும் மலரும் தென்றலும்தானே. பெரட்டுக் களத்துக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம்.

எழுதியிருக்கிறார் ஒருவர். அதுவும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்லர். இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழர். சி. வி. வேலுப்பிள்ளை என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஆங்கில இலக்கியத்தில் ஆயர் வாழ்வையும் வயல்வெளி வாழ்வையும் பாடும் கவிதைக்கு ஒரு தனி மரபு உண்டு. நமக்கு இது புதிதன்று. காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை என்று நம் முன்னோர் வகுத்தார்கள். ஆநிரை மேய்த்துத் திரும்பும் ஆயர், மாலையில் காத்திருக்கும் மனைவி, மழையில் பூக்கும் முல்லை எல்லாம் சங்கப் பாடல்களில் உள்ளன. பிற்காலத்தில் உழவர் வாழ்வைப் பாடப் பள்ளு என்ற இலக்கியமும் எழுந்தது. இங்கிலாந்தில் ஸ்பென்சர் என்ற கவிஞர் 1579இல் ஆயர் நாட்காட்டி என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். அவருக்குப் பின் பலரும் அந்த வழியில் எழுதினார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்தப் பாடல்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆடு மேய்த்தவர்கள் அல்லர். கற்றவர்கள், அரசவையையும் நகரத்தையும் சார்ந்தவர்கள். அவர்கள் காட்டிய ஆயனுக்கு வியர்ப்பதில்லை. கூலி பாக்கி இல்லை. அவன் எந்நேரமும் குழல் ஊதிக்கொண்டிருப்பான். தூரத்தில் நின்று பார்த்தால் எந்த வயலும் அழகுதான். குனிந்து களை பிடுங்குகிறவனுக்குத்தான் முதுகு வலி தெரியும்.

குனிந்து வேலை செய்த ஒருவரே பேனாவும் பிடித்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் அப்படியும் ஒருவர் தோன்றினார். ஜான் கிளேர் என்பது அவர் பெயர். 1793ஆம் ஆண்டு ஹெல்ப்ஸ்டன் என்ற சிற்றூரில் பண்ணைக் கூலி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் சிறு வயதிலிருந்தே கூலி வேலை செய்தார். அவருடைய காலத்தில் ஊர்ப் பொது நிலங்களை அளந்து வேலியடைத்துத் தனியாருக்கு ஒதுக்கும் சட்டங்கள் வந்தன. ஹெல்ப்ஸ்டனுக்குரிய சட்டம் 1809இல் வந்தது. மாடு மேய்த்த பொதுவெளிகள் மறைந்தன. பழகிய வழிகள் அடைபட்டன. அந்த இழப்பையும், பறவைக் கூட்டையும், புல்லையும், ஓடையையும் கிளேர் பாடினார். 1820இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் நன்றாக விற்றது. லண்டன் நகரம் அவரை 'உழவர் கவி' என்று வியந்து பார்த்தது. சில ஆண்டுகளில் வியப்பு தீர்ந்தது; நூல்கள் விற்கவில்லை. வறுமையும் மனநோயும் சூழ்ந்தன. 1841இல் ஒரு மனநோய் விடுதியிலிருந்து வெளியேறிச் சுமார் 80 மைல் நடந்து, பசிக்குப் புல்லைத் தின்று, ஊர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு வேறொரு விடுதியில் சேர்க்கப்பட்டு, 1864இல் அங்கேயே இறந்தார்.

இந்தக் கிளேர் ஒரு நல்ல காரியம் செய்தார். தம் ஊர் மக்கள் பாடிய நாட்டுப் பாடல்களையும், பிடில் வாத்தியத்தில் வாசித்த மெட்டுகளையும் எழுதி வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நம் கவிஞரிடம் வருவோம்.

இலங்கைக்கு நம் மக்கள் போனது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மடிந்தவர் பலர். 1869இல் காப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலையைப் பார்த்திருப்பீர்கள். அது விட்டால் மரமாக வளரும். கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவுச் செடியாக நிறுத்துகிறார்கள். நிரை பிடித்துப் போகும் பெண்கள் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடையில் போடுகிறார்கள். அங்கே கூடை, இங்கே வாளி. அங்கே கொழுந்து, இங்கே பால். பெரட்டும், கங்காணியும், லயமும், நிறுவையும் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

அந்த மலைநாட்டில், மடக்கும்புர என்ற தோட்டத்தில், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வேலுப்பிள்ளை பிறந்தார். பெரிய கங்காணி குடும்பத்தைச் சேர்ந்தவர். இதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய கங்காணி என்றால் ஆள் சேர்த்து வந்தவர், முன்பணம் கொடுத்துக் கடனில் வைத்தவர், தோட்டத்தில் செல்வாக்கு உள்ளவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. கொழும்பு நாலந்தா கல்லூரி வரை சென்று படித்தார். ஆங்கிலத்தில் தேர்ந்தார். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. தாம் பெற்ற கல்வியை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே விடையைத்தான் கொடுத்தார்: லயத்தில் இருப்பவர்களுக்காக.

இளமையிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை எழுதினார். 1934இல் மகாகவி இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, அவரைச் சந்தித்துத் தம் நூலைக் கையளித்தார். தாகூர் வங்க மொழியில் எழுதியதைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி உலகறியச் செய்தவர். வெள்ளைக்காரன் மொழியிலே நம்முடைய மண்ணைப் பாடலாம் என்பதற்கு இளைஞர் வேலுப்பிள்ளையின் கண்முன் நின்ற சான்று அவர்.

பின்னர் ஆசிரியராகப் பணியாற்றினார், தொழிற்சங்கத்தில் ஈடுபட்டார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1947இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. தலவாக்கலைத் தொகுதியில் வேலுப்பிள்ளை நின்றார், வென்றார். கொழுந்து கிள்ளிய விரல்கள் போட்ட வாக்கு அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. தந்தையோ, பாட்டனோ இலங்கையில் பிறந்ததை நிரூபித்தால்தான் குடியுரிமை என்பது அதன் சாரம். லயத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? பாட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்குரிமையையும் பறித்தது. 1952இல் அவர்களுடைய இயக்கம் சத்தியாக்கிரகம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர் சார்பில் ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. தேர்தலில் வென்று மலைநாட்டுத் தமிழர் ஒருவர் மீண்டும் அங்கே நுழைய 1977ஆம் ஆண்டு ஆயிற்று.

நேயர்களே, நம் நாட்டிலும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களின் வேதனையை நீங்கள் அறிவீர்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. அதன் பின் எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறின. பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால், பிறந்த மண் அந்நியமாகப் போவது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேடைப் பேச்சுக்கு இடமில்லாமற் போன பிறகு வேலுப்பிள்ளை பேனாவால் பேசினார். 1954ஆம் ஆண்டு 'இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில்' என்று பொருள்படும் நெடிய ஆங்கிலக் கவிதையை நூலாக வெளியிட்டார். 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் சக்தீ பால ஐயா அதைத் தமிழாக்கினார்.

அந்தக் கவிதையில் என்ன இருக்கிறது? வைகறை இருக்கிறது. பனித்துளி இருக்கிறது. மலை இருக்கிறது. இவை எந்த இயற்கைக் கவிஞரிடமும் இருப்பவைதாம். ஆனால் அந்த வைகறையில் தப்பின் ஓசை அதிர்கிறது. பெரட்டுக்கு அழைக்கும் ஓசை அது. பனி படர்ந்த தேயிலைக்கு நடுவே பெண்கள் நிரை பிடித்து வருகிறார்கள். அந்தச் செடிகளின் வேருக்குக் கீழே, காட்டை அழித்து அவற்றை நட்டவர்கள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு நடுகல் இல்லை. பெயர் பொறித்த பலகை இல்லை. நினைத்து அழவும் ஆளில்லை. அழகும் துயரமும் ஒரே இலையின் இரண்டு பக்கங்களாக அந்தக் கவிதையில் நிற்கின்றன.

இங்கேதான் இவர் வேறுபடுகிறார். ஆயர் வாழ்வைப் பாடிய அரசவைக் கவிஞருக்கு நிலம் ஒரு காட்சி. கிளேருக்கு நிலம் பறிபோன வீடு. வேலுப்பிள்ளைக்கோ அது ஒருபோதும் சொந்தமாகாத நிலம். முல்லை நிலத்து ஆயனுக்கு மாடு உண்டு, மாலை உண்டு, காத்திருக்கும் வீடு உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு மாலை என்றால் நிறுவை. வீடு என்றால் வேலை இருக்கும்வரை மட்டும் நிற்கும் லயத்து அறை. மரமும் கம்பெனியுடையது, மரத்தின் நிழலும் கம்பெனியுடையது. அந்த நிலத்தில் நம்மவருக்கென்று நிரந்தரமாகக் கிடைத்தது ஆறடிக் குழி ஒன்றுதான். ஆகவே, இறந்தவர்களை முன்னிறுத்தி, 'இந்த மண்ணில் எங்களுக்கும் உரிமை உண்டு' என்று சொல்வதற்கு அவர் கவிதையைக் கருவியாக்கினார். குடியுரிமைச் சட்டம் பத்திரம் கேட்டது. புதைகுழிகளையே பத்திரமாகக் காட்டினார் கவிஞர்.

ஆங்கிலத்தில் எழுதினால் லயத்தில் இருப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மனத்துக்குப் பட்ட விடை இது: தோட்டத்தின் முதலாளி லண்டனில் இருந்தான், சட்டம் செய்தவர்கள் கொழும்பில் ஆங்கிலம் பேசினார்கள். குறையை அவர்கள் காது கேட்கும் மொழியில் சொன்னார் இவர். ஆனால் தம் மக்களை மறந்துவிடவில்லை. அவர்களுக்காகத் தமிழிலும் எழுதினார். 'வாழ்வற்ற வாழ்வு', 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' முதலிய புதினங்கள் அவர் எழுதியவை. தலைப்புகளைக் கேட்டாலே கதை விளங்கும். 1970இல் தோட்டத்து மனிதர்களைச் சித்திரங்களாகத் தீட்டிய ஆங்கில நூல் ஒன்று வந்தது. உழைப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். தொழிலாளர் தேசிய சங்கத்திலும் பணியாற்றினார். 'மாவலி' இதழை நடத்தினார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கும் பணி ஒன்று உண்டு. கிளேரைப் போலவே இவரும் மக்கள் பாடல்களைத் திரட்டினார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து கிள்ளும்போது பாடுவது, கங்காணியைக் கேலி செய்வது, கடல் கடந்து வந்த துயரத்தைச் சொல்வது என்று லயங்களில் பாடப்பட்டவற்றைத் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் 1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் காலமானார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அந்தத் தொகுப்பு நூலாக வந்தது 1987இல். எழுத்தறியாத மக்கள் தங்கள் சரித்திரத்தைப் பாட்டில்தான் எழுதுகிறார்கள் என்பதை அறிந்தவர் அவர். அரசாங்கப் பதிவேட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இருக்கும். வந்தவள் எதை நினைத்து இரவில் அழுதாள் என்பது ஒப்பாரியில்தான் இருக்கும்.

அவர் கண்ணோடு காண விரும்பிய நீதி அவர் காலத்தில் முழுமையாக வரவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. இந்தியா சென்றவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போனார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமை வழங்கிச் சட்டம் செய்தது 2003இல்தான். அப்போது வேலுப்பிள்ளை மறைந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேயர்களே, இலங்கைக் கவிஞரின் கதை பேராக்கில் இருக்கும் நமக்கு எதற்கு? அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்றை இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லதுதான், சரித்திரத்தைக் காக்க வேண்டும். ஆனால் அந்த மரத்தின் பரம்பரையிலே லட்சக்கணக்கான மரங்களை நட்டு, சீவி, பால் எடுத்தவர்களின் பெயரை எந்த வேலி காக்கிறது? 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம் அந்தத் துயரமே. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்க முடியும் என்று அந்தச் சங்கம் காட்டியது. நிலம் சொந்தமாகாத மக்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள அது ஒரு வழி. வேலுப்பிள்ளை காட்டியது இன்னொரு வழி. சொல்லால், பாட்டால், நினைவால் ஒரு மண்ணைத் தமதாக்கிக்கொள்வது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நான் பிறந்த தோட்டத்தில் இன்று லயம் இல்லை. பெரட்டுக் களம் இருந்த இடத்தைப் புல் மூடிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் இருந்த இடுகாட்டில் என் பாட்டனின் குழி எது என்று சொல்லக்கூடியவர் என் அத்தை ஒருவர்தான். நாற்று மேட்டில் என் பாட்டி பாடிய தாலாட்டில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதியைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நாள் கடத்தினேன். பாட்டி போய்விட்டார். மீதிப் பாட்டும் அவரோடு போய்விட்டது. இலங்கையில் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாக ஏறி இறங்கினார் என்று படித்தபோது, எனக்குப் பெருமையை விட வெட்கமே மிகுதியாக வந்தது.

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கவிஞராக வேண்டும் என்பதில்லை. ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். "எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள் பாட்டி? எந்த வெட்டுக்காட்டில் மரம் சீவினீர்கள்? அம்மாவைத் தூங்கவைக்க என்ன பாட்டுப் பாடினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல், அவர் சொன்ன பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, இடுகாட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை வந்து கேட்டால், "அதெல்லாம் எதற்கு இப்போது?" என்று தட்டிக் கழித்துவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டியது அதில் ஒன்றுமில்லை. மறந்த வரி மறந்ததாகவே இருக்கட்டும். நினைவில் உள்ளதைப் பாடிக்காட்டுங்கள்.